வைட்டமின் டி ஏறினால் இதயத்துக்குக் காவலா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 56. ஜவுளிக்கடையில் கல்லாவில் இருக்கிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. மாஸ்டர் செக்கப்பில் வைட்டமின் டி 11 என்று வந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். டி குறைந்தால் ஹார்ட் அட்டாக் வரும் என்று கேள்விப்பட்டதால் ஆறு மாதமாக நிறுத்தவே இல்லை. கால் வலிக்கிறது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டார். அவருடைய அண்ணன் 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். டி சரியானால் போதும்தானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது அம்மா. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். அதுவரை அடுத்த சாஷேயைப் பிரிக்க வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் ஊர்க்காரர்களைப் பல வருடம் கவனித்து, டி குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று 2008-ல் சொன்னார்கள். ஆனால் யாருக்கு டி குறைகிறது? வெளியே நடக்காதவர்களுக்கு, உடம்பு பெருத்தவர்களுக்கு, ஏற்கெனவே நோயில் இருப்பவர்களுக்கு. இவர்களுக்கு இதய நோயும் கூடுதல்தான். அப்படியென்றால் டி குறைந்ததால் நோயா, இரண்டும் ஒரே காரணத்தால் வருகிறதா? மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்துப் பார்த்தார்கள். 'வைட்டல்' என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்து 2018-ல் முடிவு சொன்னார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் எல்லாம் சேர்த்து டி சாப்பிட்டவர்களில் 396 பேர், சாப்பிடாதவர்களில் 409 பேர். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 'அவர்களுக்கு டி ஓரளவு இருந்திருக்கும், எங்களுக்கு 11 ஆயிற்றே' என்று நீங்கள் கேட்கலாம். நியூசிலாந்தில் ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்கு மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார்கள். அதில் கால்வாசிப் பேருக்கு டி அளவு 20-க்குக் கீழே இருந்தது. அவர்களுக்கும் இதயத்துக்குப் பலன் இல்லை.

அதற்காக 11-ஐ அப்படியே விடச் சொல்லவில்லை. எலும்புக்கும் தசைக்கும் டி வேண்டும். எட்டு வாரச் சாஷே சரியான வைத்தியம். அவ்வளவு குறைவாக இருந்தபோது கால் வலி அதனாலேயே வந்திருக்கலாம். பழியைக் கொலஸ்ட்ரால் மாத்திரை சுமந்திருக்கலாம். மாத்திரையால்தான் வலி என்றே வைத்துக்கொண்டாலும் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாறலாம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மாத்திரை மாரடைப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று மலைபோல் இருக்கிறது. அண்ணனை 49 வயதில் பறிகொடுத்த வீட்டில் அதை விட்டுவிட்டு சாஷேயை நம்பக் கூடாது.

இன்னொன்று. டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போகாமல் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி வருகிற மாதிரி இருக்கும், மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், கடைசியில் சிறுநீரகத்தில் கல்லோ பழுதோ. எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஆறு மாதம் ஆகிவிட்டதால் டி அளவோடு கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிரஷருக்கு ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டையையும் கொண்டுபோங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளில் குளோர்தாலிடோன் போன்ற சில, தாமாகவே கால்சியத்தை ஏற்றும்.

வெயிலைப் பொறுத்தவரை, கடைக் கண்ணாடி வழியாக வருவது உதவாது. டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் வேண்டும். வார விடுமுறையிலாவது, பகல் பதினொன்று மணி வாக்கில் கை கால் தெரிய வெளியே இருக்கட்டும். கூடவே நடக்கட்டும், அது இதயத்துக்கு நேரடியாகவே நல்லது.

அண்ணனுடைய பிள்ளைகள் பெரியவர்களாகியிருந்தால் அவர்களையும் கொலஸ்ட்ரால், சுகர், பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை அவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.