சிபேப் வாங்குமுன் மாஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கணவர் விடும் குறட்டையில் வீடே அதிர்கிறது. மூக்கில் மாட்டும் காந்த கிளிப் ஆன்லைனில் 399 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒடுங்குவதால் வருவது குறட்டை. மூக்கு நுனியில் இருக்கும் காந்தத்துக்கு அங்கே என்ன வேலை? இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல், அப்புறம் திணறலோடு திரும்பினால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் ‘ஸ்லீப் ஏப்னியா’ நோயாக இருக்கலாம். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் அதற்குத்தான். முதலில் போனில் வீடியோ எடுங்கள். அதை நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

கேள்வி: பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகுகிறது. ஆனால் ஸ்மார்ட் வாட்ச் எதுவும் எச்சரிக்கவில்லை. தூக்கப் பரிசோதனை தேவையா? (வாசகர், ஓசூர்)

பதில்: தேவை. அதுவரை வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: தூக்கப் பரிசோதனைக்கு ஒருவர் மருத்துவமனையில் ஓர் இரவு தங்கச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டுக்கே கருவி அனுப்புகிறேன், பாதிச் செலவுதான் என்கிறார். எதை நம்புவது? (வாசகர், சேலம்)

பதில்: அறிகுறிகள் தெளிவாக இருந்து, வேறு பெரிய நோய் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டுப் பரிசோதனையே போதும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவமனையில் தங்குவதே சரி. அங்கே மூளை அலையையும் பதிவு செய்வதால் எத்தனை மணி நேரம் உண்மையில் தூங்கினீர்கள் என்று தெரியும். பல வீட்டுக் கருவிகளுக்கு அது தெரியாது. மூச்சு நின்ற எண்ணிக்கையை விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால், மணிக்கு எத்தனை என்ற எண் குறைவாக வரலாம். ரிப்போர்ட்டில் ‘ஏஎச்ஐ’ என்று இருக்கும். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. பெரியவர்களுக்கு 5 முதல் லேசு, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை.

கேள்வி: அம்மாவின் ஓய்வூதியப் பணத்தில் 48,000 ரூபாய்க்கு சிபேப் வாங்கினோம். முதல் நாளிலிருந்தே மாஸ்க் பக்கமெல்லாம் காற்று கசிகிறது. கடைக்காரர், “பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம், போகப் போகப் பழகிவிடும்” என்கிறார். மெஷின் பீரோவில் கிடக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் அம்மாமீது ஒரு தவறும் இல்லை. கசியும் மாஸ்க்குக்கு யாரும் பழக முடியாது.

என் அப்பாவுக்கு வாங்கியபோதும் இதேதான். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே “மீடியம் சரியா இருக்கும்” என்றார். இரவெல்லாம் மூக்குத் தண்டின் இரு பக்கமும் காற்று பீறிட்டுக் கண்ணில் அடித்தது. காலையில் இரண்டு கண்ணும் சிவந்து எரிந்தன. மாற்றித் தரவில்லை, இன்னொரு மாஸ்க் காசு கொடுத்து வாங்கினோம்.

இந்த வியாபாரத்தில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். மெஷினின் திரையையும் ஆப்பையும் அரை மணி நேரம் காட்டுகிறார்கள். மாஸ்க்குக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டார்கள். ஆரம்ப காலத்தில் நோயாளியின் மூக்கை அச்செடுத்துத்தான் மாஸ்க் செய்தார்கள். அன்றே தெரிந்த விஷயம் இது: காற்று கசிந்தால் சிகிச்சை இல்லை. 2016-இல் வெளியான ‘சேவ்’ என்ற சிபேப் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தநாள நோயோ உள்ள 2,700-க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். சிபேப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதை மாட்டியிருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான்! பீரோவில் கிடக்கும் மெஷின் யாருக்கும் மூச்சு கொடுக்காது. அதனால் படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டு, இடமும் வலமும் புரண்டு பார்த்த பிறகுதான் மாஸ்க்குக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மெஷினில் பதிவான கசிவு அளவைப் படமெடுங்கள். பில், மருத்துவர் சீட்டோடு கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தெரிந்தவரிடம் பழைய சிபேப் 12,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பில் இல்லை, மாடல் பார்க்கவில்லை. நல்லதுதானே? (வாசகர், ஈரோடு)

பதில்: பணம் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டு என்ன பயன்? மெஷினின் அடியில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் நுரை சிதைந்து, துகளும் வாயுவும் சுவாசத்தில் கலக்கலாம் என்பதால் ஃபிலிப்ஸ் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உங்களுடையது அதில் ஒன்றா என்று பார்க்காமல் ஓர் இரவுகூட மாட்டாதீர்கள். அதில் இருக்கும் அழுத்த அளவும் அவருக்கு வைத்தது. மருத்துவர் மாற்றித் தரட்டும். மாஸ்க்கும் குழாயும் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: சிபேப் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? (வாசகி, கோவை)

பதில்: டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள்.