கம்பியில் ஓடும் ரோபோவும் ஒழுங்கையில் ஏறும் மகனும்

வணக்கம் தம்பி,

நான் சாவகச்சேரிப் பக்கம். கனகாலம் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் இளைய மகன் லைன் வேலை செய்கிறான். மழை, காற்று என்றால் எல்லாரும் வீட்டுக்குள் வருவார்கள், அவன் வெளியே போவான். போன கிழமை போனில் ஒரு வீடியோ காட்டினான். கோபுரங்களுக்கு இடையில் போகிற பெரிய கம்பியில் ஒரு ரோபோ ஏறி ஓடிக்கொண்டே கம்பியைப் பார்வையிடுகிறது. கறண்டை நிற்பாட்டவில்லை என்றும் சொன்னான். இது உண்மையா? அதற்குக் கறண்ட் அடிக்காதா? இப்படி ஒன்று இங்கே வந்தால் என் மகனுக்கு ஆபத்துக் குறையுமா, அல்லது வேலையே போய்விடுமா? அவனைக் கேட்டால் சிரிக்கிறான். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு தாய்

அன்புள்ள ரீச்சர்,

உண்மைதான். உங்கள் மகன் எந்த வீடியோவைக் காட்டினாரோ தெரியாது, ஆனால் இந்த வேலையில் பெயர் எடுத்தவர்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின் நிறுவனமான ஹைட்ரோ கியூபெக்காரர்கள். 1998 ஜனவரியில் அங்கே உறைமழை பெய்து, கம்பிகளில் பனிக்கட்டி ஏறி, பாரம் தாங்காமல் கோபுரங்கள் வரிசையாகச் சரிந்தன. அதற்குப் பிறகு, கம்பியில் ஓடிப் பனியைச் செதுக்கும் சிறு வண்டி ஒன்றை அவர்களின் ஆய்வுகூடம் செய்தது. அதில் கமெராவைப் பூட்டிக் கம்பியைப் பார்க்கவும் பழக்கினார்கள். அப்புறம் வந்தது லைன்ஸ்கவுட் என்ற ரோபோ. ஏறக்குறைய 100 கிலோ எடை. 735 கிலோவோல்ட் ஓடும் கம்பியில், மின்சாரத்தை நிறுத்தாமலே வேலை செய்யும்.

கறண்ட் அடிக்காதா என்று கேட்டீர்கள். கறண்ட் பாய ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் மின்னழுத்தம் (வோல்ட்) இருக்க வேண்டும். ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். ரோபோவும் அப்படியே, நிலத்தையோ கோபுரத்தையோ அடுத்த கம்பியையோ அது தொடுவதில்லை. ஆனால் காகத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் அதற்கு உண்டு. அவ்வளவு அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் பொறியும் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைகளைக் குழப்பிவிடும். அதனால் அவற்றை உலோகக் கூட்டுக்குள் அடைத்து வைக்கிறார்கள்.

கம்பியில் ஓடுவது பெரிய வேலை இல்லை. கோபுரத்தடியில் கம்பியைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிடியையும், அதன் இரு பக்கமும் தொங்கும் அதிர்வு தாங்கிகளையும் தாண்டுவதுதான் வேலை. ஜப்பானில் செய்த எக்ஸ்பிளைனர் என்ற ரோபோ இதைத் தாண்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் அடியில் ஒரு பாரம் தொங்கும். தடை வந்ததும் அந்தப் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், முன் சக்கரங்கள் கம்பியை விட்டு எழும்பும். முன்பக்கம் தடையைத் தாண்டியதும் பாரத்தை முன்னுக்குக் கொண்டுவரும், பின் சக்கரங்கள் எழும்பும். எங்கள் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தவர்கள் முன்னும் பின்னும் நடந்து பட்டையை ஏற்றி இறக்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு மேலே போய் அது எதைப் பார்க்கிறது? இந்த இடம்தான் எங்களுக்கு முக்கியம். பெரிய லைன் கம்பி வெளியே அலுமினிய இழைகளும் நடுவே உருக்கு இழைகளுமாக முறுக்கியது. கறண்டைக் கொண்டுபோவது அலுமினியம், பாரத்தைத் தாங்குவது உருக்கு. உருக்குக்குத் துருப்பிடிக்காமல் இருக்க நாகம் (சிங்க் என்ற உலோகம்) பூசியிருப்பார்கள். கடற்காற்றில் வரும் உப்பு இழைகளுக்கிடையில் ஈரத்தோடு தங்கி, வருசக்கணக்கில் அந்த நாகத்தைத் தின்னும். நாகம் போனதும் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று அரிக்கத் தொடங்கும். உள்ளே வெள்ளைத் தூள் சேரும், கம்பி சில இடங்களில் புடைக்கும். கீழே நின்று பைனாகுலரில் பார்ப்பவருக்கு அந்தப் புடைப்புத் தெரிகிற நேரத்தில் விசயம் முற்றியிருக்கும். கியூபெக்காரர்கள் லைன்கோர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது கம்பியைச் சுற்றிப் பிடித்து, உள்ளே உள்ள நாகப்பூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும். இப்போது அதை ட்ரோனில் கட்டி நேரே கம்பியில் இறக்குகிறார்கள்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வரும் 132 கிலோவோல்ட் லைனை நினைத்துப் பாருங்கள். குடாநாட்டுக்குள் வருகிற எதுவும் கடல்நீரேரியையும் உப்புக் காற்றையும் கடந்துதான் வர வேண்டும். கம்பியின் கறண்ட் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்க, கோபுரங்களில் கோத்துத் தொங்கும் வட்டுகளிலும் அதே உப்புப் படியும். வெயில் காலத்தில் அது சும்மா இருக்கும். மாரி தொடங்கும்போது பலத்த மழை பெய்தால் கழுவுப்பட்டுப் போய்விடும், பிரச்சினை இல்லை. வெறும் தூறல்தான் ஆபத்து. உப்பு நனையும், ஆனால் கழுவுப்படாது. அப்போது வட்டின் மேற்பரப்பால் கறண்ட் கசியும். விடியப்புறம் பனி பெய்யும்போது லைனுக்குக் கீழே நின்றால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதை உங்கள் மகன் நன்றாக அறிவார்.

அதனால் எங்களுக்கு முதலில் வேண்டியது 100 கிலோ ரோபோ இல்லை என்பது என் கருத்து. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமெரா பூட்டிய ட்ரோன் ஒன்றும் அதைப் பழகிய ஆட்களும் கிடைத்தாலே பாதி வேலை ஆகும். கம்பிகளை இணைக்கும் மூட்டு பழுதானால் அங்கே கறண்டுக்குத் தடை கூடும், கறண்ட் பாயும்போது அந்த இடம் சுடும், கமெராவில் பளிச்சென்று தெரியும். ஆனால் லைனில் கறண்ட் குறைவாகப் பாயும் நேரத்தில் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகவே தெரியும். எங்கள் நாட்டில் கறண்ட் தேவை கூடுவது பின்னேரம் ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில். பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். ட்ரோன் கம்பியின் உள்ளே பார்க்காது. உள்ளே பார்க்க, பத்துப் பதினைந்து வருசம் கழித்தாவது, கம்பியில் இறங்கும் கருவி வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. உப்புக் காற்றில் ஓடும் லைன் பக்கத்திலேயே இருக்க, அந்தப் பிள்ளைகள் செய்து பார்க்க இதைவிட நல்ல திட்டம் எது?

இனி மகனின் விசயம். இதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. மேலே எழுதிய எந்த ரோபோவும் இன்றைக்கு அவரைக் காப்பாற்றாது. அவை எல்லாம் கோபுர லைனுக்கு உரியவை. உங்கள் மகன் ஏறுவது ஒழுங்கைத் தூணில் என்றால், அங்கே ஆபத்து எங்கள் வீடுகளிலிருந்தே வருகிறது.

கறண்ட் போனதும் ஜெனரேற்றரை இழுத்து, இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றால் சுவர்ச் சொக்கற்றில் குத்துகிறார்கள். மெயின் சுவிட்சை நிற்பாட்ட மறந்தால் அந்தக் கறண்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயரால் வெளியே போய் ட்ரான்ஸ்போமருக்குள் பின்பக்கத்தால் ஏறும். குறைக்கிற பெட்டி அப்போது கூட்டுகிற பெட்டியாகிவிடும். இந்தப் பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் அந்தப் பக்கம் 11 அல்லது 33 கிலோவோல்ட் லைனில் ஆயிரக்கணக்கில் வரும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கைவைக்கிறவரின் நிலை என்ன? கூரையில் சோலார் வைத்தவர்களைப் பற்றி இந்தப் பயம் குறைவு, லைன் செத்தால் ஒழுங்கான இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். ஜெனரேற்றருக்கு அந்தப் புத்தி இல்லை. அதற்கு, வீட்டை ஒரு நேரத்தில் லைனோடோ ஜெனரேற்றரோடோ ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். இதை வாசிக்கிற கடைக்காரர்கள், கல்யாண மண்டபக்காரர்கள், வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்த இரட்டைப் பிளக் வயரை இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.

மகனுக்கும் ஒன்று சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்ததுதான். சோதித்துப் பார்த்து, தான் நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியை நிலத்தோடு இணைத்து ஏர்த் போடாமல் கைவைக்க வேண்டாம். அவசரப்படுத்துகிறவர் ஊரவராக இருந்தாலும் மேலதிகாரியாக இருந்தாலும் காத்திருக்கட்டும். இருட்டில் இரண்டு மணித்தியாலம் கூட இருந்தால் எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. தொண்ணூறுகளில் வருசக்கணக்காக இருந்திருக்கிறோம்.

வேலை போகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகாது என்றே நம்புகிறேன். கியூபெக்கில் ரோபோவைக் கம்பியில் கொண்டுபோய் வைப்பதும், கீழே நின்று ஓட்டுவதும் லைன் ஆட்கள்தான். ஜப்பானில் ஜே.ஆர். வெஸ்ட் ரயில் நிறுவனம் 2024 இல் ஒரு பெரிய ரோபோவை ரயில் பாதைக்கு மேலான கம்பி வேலைக்கு இறக்கியது. 12 மீற்றர் உயரம் எட்டும், 40 கிலோ தூக்கும். ஆனால் அதன் கையை அசைப்பவர் ரோபோ பார்ப்பதைக் காட்டும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு தொழிலாளி. எந்த மூட்டு சுட்டால் பயப்பட வேண்டும், எதை அடுத்த மாதத்துக்கு விடலாம் என்பது படத்தில் எழுதியிருக்காது. அதைச் சொல்ல, தூணில் ஏறி இறங்கிய ஒருவர் வேண்டும்.

ஒரு உதவி, ரீச்சர். இந்த மாரியின் முதல் தூறலில் எந்த இடங்களில் அந்தச் சத்தம் கேட்கிறது, எங்கே பொறி தெரிகிறது என்று மகனைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் பெயரோ இடமோ தெரியாதபடி இங்கே போடுகிறேன். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதை வாசிக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்.