மோட்டரும் மூச்சு விடும்

கேள்வி: ஐயா, கொட்பே துறைமுகத்துக்குக் கிட்ட ஐஸ் உடைக்கிற மெசின் ஒன்று வைத்திருக்கிறேன். 3 குதிரைவலு மோட்டர், பிளேட்டில் ஐபி 55 என்று போட்டிருக்கிறது. ஒரு வாடைக்காற்றுக் காலம் முடிவதற்குள் இரண்டு தடவை வைண்டிங் எரிந்துவிட்டது. முதல் தடவைக்குப் பிறகு, தண்ணீர் ஏறிவிடும் என்று அடியில் இருந்த சின்ன ஓட்டையைக்கூட சிலிக்கன் வைத்து அடைத்தேன். முழுக்க ஸ்டெயின்லெஸ் மோட்டர் வாங்கினால் தீருமா?
(வாசகர், திருகோணமலை)

பதில்: தம்பி, முதலில் அந்தச் சிலிக்கனைச் சுரண்டி எடுங்கள். அந்த ஓட்டை உள்ளே சேர்ந்த தண்ணீர் இறங்கிப் போக வைத்தது. மோட்டர் ஓடும்போது சூடாகி உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியேறும், நிறுத்தியதும், அதுவும் ஐஸ் தண்ணீர் மேலே பட்டுச் சட்டென்று குளிர்ந்தால், தண்டுப் பக்கத்தாலும் மூடி இடுக்காலும் கடற்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இப்படி நாளுக்குப் பத்துத் தடவை. உறிஞ்சின ஈரம் உள்ளே வியர்த்து அடியில் தேங்குகிறது, நீங்கள் வாசலையும் பூட்டிவிட்டீர்கள்! மோட்டரைச் சுவரில் சாய்த்துப் பூட்டியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: ஓட்டை இப்போதும் ஆக அடியில்தான் இருக்கிறதா?

ஐபி 55 பொய்யில்லை. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு, குழாயால் பீச்சியடித்தாலும் தாங்கும் என்று பொருள். ஆனால் சோதிப்பது நல்ல தண்ணீரில், உப்பைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது.

ஸ்டெயின்லெஸ் கேட்டீர்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். உணவுத் தொழிற்சாலைகளில் தினமும் மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள், பெயின்ற் உரிந்து சாப்பாட்டில் விழக்கூடாது, அதனால் அங்கே அது தேவை. உங்களுக்கு எரிந்தது மோட்டரின் வெளிச்சட்டை இல்லையே, வைண்டிங்தானே? சட்டை எதுவானாலும் உள்ளே அதே செப்புக்கம்பியும் சிலிக்கன் இரும்புத் தகடுகளும்தான். எப்பொக்சி பெயின்ற் அடித்த வார்ப்பிரும்பு மோட்டர் போதும். அலுமினியக் கூடுள்ள மோட்டரில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால், உப்புத்தண்ணீர் நடுவில் நின்று அலுமினியத்தை அரித்துவிடும், பிறகு போல்ட் கழன்று வராது.

இனி வைண்டிங் சுற்றக் கொடுக்கும்போது வாணிஷ் ஒரு தடவை தடவிவிட்டுத் தராமல், முக்கி, அடுப்பில் காயவைத்து, மறுபடி முக்கித் தரச் சொல்லுங்கள். வெற்றிடத்தில் எப்பொக்சி ஏற்றுகிற வசதி இருந்தால் இன்னும் நல்லது, கம்பிகளுக்கு நடுவில் ஈரம் நுழைய இடமே இருக்காது. ‘எச் கிளாஸ்’ என்று சொல்லி விற்பார்கள், அது 180 பாகை சூடு தாங்கும் என்பதற்கான எழுத்து, ஈரத்துக்கு இல்லை. பெயாரிங் வாங்கும்போது ‘இசட் இசட்’ வேண்டாம், அந்தத் தகட்டு மூடி தண்ணீரை நிறுத்தாது, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள ‘2 ஆர்எஸ்’ கேளுங்கள். வயர் பெட்டிக்குள் கேபிள் மேலிருந்து நுழைந்தால் தண்ணீரும் கூடவே வழிந்து நுழையும், கீழே ஒரு வளைவு விட்டு அடிப்பக்கத்தால் ஏற்றுங்கள். பக்கத்தில் அமோனியா ஐஸ் ஆலை இருந்தால் கேபிள் நுழைகிற இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைப் பித்தளையில் போடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டுப் பிளந்தனவாம், குதிரை மூத்திர அமோனியா செய்த வேலை!

உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டால் நேரே வெயிலில் காயவைக்க வேண்டாம். உப்பு அங்கேயே நின்று அடுத்த ஈரத்தை இழுக்கும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு காயவைத்து, வைண்டிங்கில் கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற 500 வோல்ட் மெகர் மீட்டரால் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நிலாவெளியில் விடுதி நடத்துகிறோம். பம்பின் ஸ்டெயின்லெஸ் போல்ட்கள் 304 தரமா 316 தரமா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?
(வாசகி, நிலாவெளி)

பதில்: தெரியாது தங்கச்சி. இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது, வளைத்து அடித்த இடத்தில் இரண்டுமே கொஞ்சம் ஒட்டும். 316 இல் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கிறது, உப்பு துளை போடாமல் தாக்குப்பிடிப்பது அதனால்தான். போல்ட் தலையைப் பாருங்கள்: ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. ஒன்றுமே பொறிக்காததைக் கடைக்காரர் 316 என்றால், விலையை மட்டும் 304 க்குப் பேசுங்கள்.