உள்நாட்டுப் போர்க் காலத்தில் அமெரிக்க எல்லைப்புறப் பண்ணையில் ஒரு சிறுமி எப்படி வளர்ந்தாள்?

கேள்வி 1861–65இல் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த போரைப் பற்றியது என்பதால், அப்போது எல்லைப்புறப் பண்ணைகள் இருந்த வடக்கு மாநிலமான விஸ்கான்சினையே எடுத்துக்கொள்கிறேன். சண்டை நடந்தது தெற்கே, வெகு தொலைவில். ஆனாலும் அந்த ஒரு மாநிலத்திலிருந்தே ஏறக்குறைய 91,000 பேர் படையில் சேர்ந்தார்கள். அப்பாவோ அண்ணனோ கிளம்பிய மறுநாளே அவர்கள் செய்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது.

வழக்கமான நாளில் பெண்பிள்ளைக்குப் பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, தம்பி தங்கையைப் பார்ப்பது என்றுதான் வேலை இருக்கும். போர் வந்ததும் வயலும் சேர்ந்துகொண்டது. 1863 கோடையில் அந்தப் பக்கம் பயணம் போன மேரி லிவர்மோர் (வடக்குப் படைவீரர்களுக்கு உதவி திரட்டியவர்), குதிரை பூட்டிய அறுவடை இயந்திரத்தைப் பெண்களே ஓட்டுவதையும் கோதுமைக் கதிரைக் கட்டுகளாகக் கட்டுவதையும் பார்த்து எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் அது.

தெற்கிலிருந்து பருத்தியும் கரும்புச் சர்க்கரையும் வருவது குறைந்தது. ஆட்டுரோமத்தை வீட்டிலேயே நூற்றார்கள். இனிப்புக்குச் சோளத்தட்டையைப் பிழிந்து பாகு காய்ச்சினார்கள்.

அப்புறம் பயம். 1862 ஆகஸ்டில் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் குடியேறிகளுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், விஸ்கான்சினிலும் வதந்தி கிளம்பி, குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடின. ஆனால் அங்கே தாக்குதல் எதுவும் வரவில்லை. உண்மையில் பட்டினியில் கிடந்தவர்கள் டகோட்டா மக்கள்தான். ஒப்பந்தப்படி அவர்களுக்குச் சேரவேண்டிய பணம் உரிய நேரத்தில் வரவில்லை. அந்த டிசம்பரில் மின்னசோட்டாவின் மங்கேட்டோ ஊரில் அவர்களில் 38 பேரைத் தூக்கிலிட்டார்கள். குடியேறிகளின் குழந்தைப்பருவத்தைப் பேசும்போது இதை விடவே கூடாது. அந்தச் சிறுமியின் பண்ணை இருந்ததே பூர்வகுடிகளிடமிருந்து பெற்ற மண்ணில்தான்.