எஸ்டேட் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்துவது ஏன்?

எட்டு வரை ஒழுங்காகப் போன பிள்ளை ஒன்பதில் ஏன் நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களை வைத்துச் சொல்கிறேன்.

வறுமை என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடாது. முதல் தடை தூரம்தான். ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்தில். உயர்நிலைப் பள்ளிக்கு ஜீப்போ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்காதான் வீட்டில் இருப்பாள். வாரம் ஒரு நாள் விட்டாலே கணக்குப் பாடம் நழுவிவிடும். பிறகு கரும்பலகைக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயத்திலேயே அடுத்த லீவு. நின்றுபோவது ஒரே நாளில் நடப்பதில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். பட்டியல் சாதிச் சான்றிதழும் பெரிய முட்டுக்கட்டை: குடும்பம் 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் உதவித்தொகை சிக்கிக்கொள்ளும். இதற்கான தாள்களை எட்டாம் வகுப்பிலேயே தேடத் தொடங்குங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் ஆசிரியர் லயத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு மாதம் கழித்துப் போனால் பிள்ளை வேலைக்குப் போயிருக்கும்.

ஏற்கெனவே நின்றிருந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழ்வழி உண்டு. பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேற 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது.