அண்ணாச்சி பதில்கள்: சிரானோ மூக்கு நிஜமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க காலேஜ் ஆண்டு விழாவுக்கு சிரானோ நாடகத்தைத் தமிழ்ல போடுதோம், நான்தான் சிரானோ. அப்படி ஒரு ஆளு நிஜமாவே இருந்தாராமே, மூக்கு, லவ் லெட்டர் எல்லாம் உண்மையா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: ஆளு உண்டு தம்பி. 1619ல பாரிஸ்ல பொறந்த எழுத்தாளர், பேரு சிரானோ தெ பெர்ஜெராக். நாடகத்துல பிரான்ஸோட தென்மேற்குப் பக்கம் இருக்குற கேஸ்கனிக்காரன்னு மீசையை முறுக்குவாரு, நிஜத்துல பக்கா பாரிஸ்காரரு, பெர்ஜெராக்ங்கிறது பாரிஸுக்குப் பக்கத்துல அவங்க குடும்பத்துக்கு இருந்த நெலத்தோட பேரு. பட்டாளத்துல இருந்தது நெசம், 1640ல வடக்கு பிரான்ஸ்ல அராஸ் ஊரு முற்றுகையில கழுத்துல காயம் பட்டதும் நெசம். மூக்கு அவரை வரைஞ்ச பழைய படத்துல பெரிசாத்தான் இருக்கு, ஆனா ஊரே நின்னு பாக்குற அளவுக்கு இல்ல.

லவ் லெட்டர் எல்லாம் இந்த நாடகத்தை எழுதுன ரோஸ்தான் கட்டுன கதை. நாடகம் 1897 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸ்ல மேடையேறிச்சு. அழகா இருக்கான் ஆனா பொண்ணு முன்னால வாய் வராதுங்கிற கிறிஸ்தியனுக்காக சிரானோ லெட்டர் எழுதிக் குடுக்குறதும், இருட்டுல மாடிக்குக் கீழ நின்னு அவனுக்காகப் பேசுறதும் அதுல வர்றதுதான். நிஜத்துல மதலேன் ரோபினோன்னு சிரானோவுக்கு சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி இருந்தா, புருஷன் அராஸ் சண்டையில செத்துட்டான், அந்தம்மா பக்தி பக்கம் போயிட்டாங்க, அதை வச்சுத்தான் ரோஸ்தான் தன் கதாநாயகியையே உருவாக்கிட்டாரு. நம்ம பக்கத்துக் கோயில் கொடையில முத்துப்பட்டன் கதையை வில்லுல பாடும்போது அவன் கட்டிக்கிட்ட பொம்மக்கா திம்மக்கா பொறப்பையே மாத்திப் பாடுறவங்க உண்டும்லா, அந்த மாதிரிதான்.

எனக்கு என்ன ஆத்தாமைன்னா, நாடகம் ஓடுன ஓட்டத்துல அந்த மனுஷன் எழுதுன நிலா கதையை எல்லாரும் மறந்துட்டாங்க. 1655ல அவரு செத்து ரெண்டு வருஷம் கழிச்சு கூட்டாளி லெ ப்ரே அதை அச்சுல கொண்டு வந்தாரு, மதத்தைக் கிண்டல் பண்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டுத்தான். கதையைச் சொல்றவரு நிலாவுக்குப் போக உடம்பு பூரா பனித்தண்ணி ரொப்புன பாட்டிலைக் கட்டிக்கிடுவாரு, வெயில் பனியை மேல இழுக்கும்போது ஆளும் சேர்ந்து மேல போவாரு, ஆனா எறங்குற எடம் கனடா! அப்புறம் வெடி கட்டுன மெஷின்ல ஏறுவாரு, வெடி தீர்ந்து மெஷின் கீழ விழுந்துரும், ஆனா காயத்துக்கு மாட்டு மஜ்ஜை தடவியிருப்பாரு, நிலா மஜ்ஜையை உறிஞ்சும்னு அப்ப ஒரு நம்பிக்கை, அதனால ஆளை மட்டும் மேல இழுத்துக்கிடும். சிரிச்சு மாளாது. நிலாவுல காசுக்குப் பதில் கவிதை குடுப்பாங்க, புஸ்தகத்தைக் கண்ணால படிக்க வேண்டாம் காதுல கேக்கலாம், நீளமூக்குக்குத்தான் மரியாதை. இன்னைக்கு நாம போன்ல ஆடியோபுக் கேக்கோம், சிரானோ 1650 வாக்குலயே எழுதிட்டாரு வே!

நாடகத்துலயும் மூணாவது அங்கத்துல நிலாவுல இருந்து விழுந்தவன் மாதிரி நடிச்சு ஒருத்தரை நிறுத்தி வைப்பாரு, அங்க பனி பாட்டில் வரும், அந்த எடத்தை நேரமில்லன்னு வெட்டிராதீங்க. நாடகம் பெரிசு, வெட்டித்தான் ஆகணும், வெட்டுறதா இருந்தா போர்க்கள சீனைச் சுருக்குங்க.

இன்னும் நேரம் மிச்சம் இருந்தா சிரானோவே எழுதுன காமெடி ஒண்ணு உண்டு, மகன் துருக்கிக் கப்பல்ல மாட்டிக்கிட்டான் பணம் குடுங்கன்னு வேலைக்காரன் கஞ்சப்பய அப்பன்கிட்ட வந்து அளப்பான், "அவன் எதுக்குலே கப்பலுக்குப் போனான்"னு அப்பன் திரும்பத் திரும்பப் பொலம்புவான். பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேர் பின்னால 1671ல இந்த சீனைத் தூக்கித் தன் நாடகத்துல வச்சுக்கிட்டாரு. திருநெல்வேலி பாஷையில போட்டுப் பாருங்க, அப்பன் வேஷத்துக்கு உங்க ஹாஸ்டல் வார்டன் சம்மதிச்சா இன்னும் விசேஷம்.