விலை கம்மி ஆயில் ஃபில்டர், நம்பி வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, என் காருக்கு கம்பெனி ஃபில்டரோட பாதி விலைக்கே வேற ஒண்ணு கிடைக்குது. கையில தூக்கிப் பாத்தா நல்ல கனம், பெயின்ட்டும் பளபளன்னு இருக்கு. போடலாமா, இன்ஜினுக்கு ஏதாவது ஆயிடுமா?

பதில்: தம்பி, விலை கம்மிங்கறதாலயே மட்டம்னு ஒதுக்க வேண்டாம், ஆனா கனத்தையும் பெயின்ட்டையும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. தகரம் தடியா இருந்தா கனம் தானா வந்துடும், வேலை பாக்குறது உள்ள இருக்கற பேப்பரும் வால்வும்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஃபில்டரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. நடுவுல மரை போட்ட பெரிய ஓட்டை, அதைச் சுத்தி சின்னச் சின்ன ஓட்டை. சின்ன ஓட்டை வழியா ஆயில் உள்ள போகும், பேப்பர்ல வடிகட்டி நடு ஓட்டை வழியா வெளிய வரும். அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஒரு ரப்பர் தெரியும் பாருங்க, சுத்தமான, முனை மழுங்குன குச்சியால லேசா அமுக்குங்க, மெத்துன்னு உள்ள போகணும், விட்டதும் திரும்பி வந்து ஒட்டிக்கணும். வெறப்பா இருந்தாலோ ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னாலோ அந்த ஃபில்டர் வேண்டவே வேண்டாம். ஏன்னா வண்டியை நிறுத்துனதும் ஆயில் ஃபில்டர்ல இருந்து வடிஞ்சு கீழ போயிடாம பிடிச்சு வைக்கிறது இந்த ரப்பர்தான், அதுவும் ஃபில்டர் படுக்கவசமாவோ தலைகீழாவோ மாட்டுற இன்ஜின்ல இது ரொம்ப முக்கியம். இது கசிஞ்சா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் லைட் அணையறதுக்கு லேட்டாகும், அந்தக் கொஞ்ச நேரமும் இன்ஜின் கடகடன்னு கத்தும். சிலிக்கான் ரப்பர்னா சூட்டுக்கு நல்லா தாங்கும், சாதா நைட்ரைல் ரப்பர் நாளாக ஆக இறுகிடும், ஆனா சரியான நேரத்துக்கு மாத்துறவங்களுக்கு நைட்ரைலே போதும்.

அட்டைப்பெட்டில வெறும் '20 மைக்ரான்'னு (ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மட்டும் போட்டிருந்தா அதுக்கு அர்த்தமே இல்லை, கூட ஒரு சதவீதம் இருக்கணும். 20 மைக்ரான்ல 99% பிடிக்கும்னா அந்த சைஸ் தூசு 100 வந்தா 1 தான் தப்பிக்கும், 50% னா பாதி அப்படியே இன்ஜினுக்குள்ள போகும். ஃபில்டர் எவ்வளவு பிடிக்குதுன்னு அளக்குற சர்வதேச டெஸ்டான ஐஎஸ்ஓ 4548-12ல எடுத்த சதவீதம்னு போட்டிருந்தா இன்னும் நம்பலாம்.

பைபாஸ் வால்வை வெளிய இருந்து செக் பண்ண முடியாது. ஆயில் குளிர்ல கெட்டியா இருந்தாலோ பேப்பர் அடைச்சுக்கிட்டாலோ அது திறந்து வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு விடும், எவ்வளவு பிரஷர்ல திறக்கணும்ங்கறது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதனால மரை ஏறுதேன்னு வேற வண்டி ஃபில்டரைப் போடாதீங்க, உங்க மாடலுக்கான நம்பர்தானான்னு பாருங்க.

ஆனா நிஜமான பரீட்சை கழட்டுன அப்புறம்தான். பழைய ஃபில்டரை நல்லா வடியவிட்டு ஃபில்டர் கட்டர் வச்சு அறுத்துப் பாருங்க. ஹேக்சா பிளேடு வேண்டாம், அந்த இரும்புத்தூள் பேப்பர்ல விழுந்து இன்ஜின் தேயுதோன்னு வீணா பயமுறுத்தும். நான் ஒரு தடவை ஒரு பழைய ஃபில்டரை அறுத்தப்போ, பேப்பர் மடிப்பெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கும்பலா ஒட்டியிருந்துச்சு, ரெண்டு ஓரமும் சேர்ற தையல்ல பசை விட்டு சுண்டுவிரல் நுழையற அளவுக்குப் பொளந்திருந்துச்சு. அத்தனை நாளும் ஆயில் அந்த வழியாவே போயிருக்கு, வெளிய பாத்தா ஒரு கீறல்கூட இல்லாத ஃபில்டர் அது, மனசே கேக்கலை. மடிப்பு சமமா, பசை கெட்டியா இருந்துச்சுன்னா அதே ஃபில்டரை அடுத்த தடவையும் தைரியமா வாங்குங்க.

கேள்வி: சார், புது ஃபில்டர் போட்டதும் ஆயில் ஒழுகுது. ஃபில்டர் டூப்ளிகேட்டா இருக்குமா?

பதில்: முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கழட்டிப் பாருங்க, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கிட்டு இருக்கலாம், அதுமேல புதுசு உக்காந்தா கண்டிப்பா ஒழுகும். அதை எடுத்துட்டு துடைச்சு, புது வளையத்துல கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்க. எவ்வளவு முறுக்கணும்னு ஃபில்டர் மேலயே போட்டிருப்பாங்க, பெரும்பாலும் ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் கையாலயே முக்கால் சுத்து. மாட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணி கசியுதான்னு பாத்துட்டு, ஆஃப் பண்ணி ஆயில் அளவையும் செக் பண்ணுங்க.